கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் 'இயற்கை வளப் பாதுகாப்பு' பி.எஸ்சி. சேரப் போகிறவர்கள் கவனத்துக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு ஏஜென்ட்டுகள் வீடு தேடி வந்துவிடுகிறார்கள். வெளிமாநிலத்துச் சின்னத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் மூன்று வருடப் படிப்பாம். வகுப்பு மட்டும் பக்கத்து டவுனில், கடைக்கு மேல் மாடியில் இருக்கும் 'ஸ்டடி சென்டரில்'. முடித்தால் வன ரேஞ்சர் ஆகலாம், ஐ.எஃப்.எஸ். (இந்திய வனப்பணி) எழுதலாம் என்று சொல்லித்தான் பணம் வாங்குகிறார்கள். இதை நம்பி நம்ம ஊர்ப் பிள்ளைகள் ஏமாந்திருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. வேறு பெயரிலும் இதே மாதிரி வருவார்கள் என்பதால், எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது என்று மட்டும் சொல்கிறோம்.

பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு தடுப்பணையில் வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும் என்பது நம்ம பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவில் விவசாய வீட்டுப் பிள்ளைகள் கேட்டு வளரும் கணக்கு. தண்ணீர்ப் போராட்டம் நடந்து 2004இல் குளிர்பான ஆலை நின்றுபோன பிளாச்சிமடையும் இங்கேதான். மண்ணையும் தண்ணீரையும் பற்றிப் படிக்க இவர்களுக்கு உண்மையாகவே ஆசை இருக்கிறது. அந்த ஆசையைக் காட்டியே காசு பறிப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

முதலில் ஐ.எஃப்.எஸ். விஷயம். இந்திய வனப்பணித் தேர்வு எழுத வெறும் டிகிரி போதாது. கால்நடை அறிவியல், தாவரவியல், வேதியியல், புவியியல் (ஜியாலஜி), கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் இவற்றில் ஒன்றாவது பாடமாக இருந்த பட்டம் வேண்டும். அல்லது விவசாயம், வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். 'இயற்கை வளப் பாதுகாப்பு' என்ற பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆறு செமஸ்டர் சிலபஸையும் கேட்டு வாங்கி, தாவரவியலோ விலங்கியலோ தனிப் பாடமாக மார்க் ஷீட்டில் வருமா என்று பாருங்கள். 'சுற்றுச்சூழல் அடிப்படைகள்' என்று ஒரு பேப்பர் இருந்தால் அது தாவரவியல் ஆகிவிடாது. கேரளா பி.எஸ்.சி., டி.என்.பி.எஸ்.சி. இரண்டிலும் அறிவிப்பில் கேட்ட பாடத்துக்கு உங்கள் பட்டம் இணையானது என்று காட்டச் சொல்வார்கள். அந்தச் சான்றிதழோ அரசாணையோ ஏற்கெனவே இருக்கிறதா என்று சென்டரில் கேளுங்கள். "அப்புறம் வாங்கித் தருவோம்" என்றால் நம்ப வேண்டாம்.

யு.ஜி.சி. பட்டியலில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதே என்று காட்டுவார்கள். இருக்கலாம். ஆனால் ஒரு மாநிலச் சட்டத்தால் உண்டான தனியார் பல்கலைக்கழகம் அந்த மாநிலத்துக்குள்தான் நடத்த முடியும். 2005இல் யஷ்பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதுதான். மாடியில் நடக்கும் சென்டரில் படித்துவிட்டு, சான்றிதழில் 'ரெகுலர்' என்று போட்டுக் கொடுத்தால், சரிபார்ப்பில் மாட்டிக்கொள்வது பிள்ளைதான்.

பாடம் நடந்த லட்சணத்துக்கு அங்கே படித்த ஒரு பிள்ளையின் ரெக்கார்டு நோட்டே போதும். பத்துக்குப் பத்து மீட்டர் குவாட்ரட் (மரங்களைக் கணக்கெடுக்க அளந்து எடுக்கும் சதுரம்), பன்னிரண்டு மரம், பெயரெல்லாம் முத்துமுத்தாக எழுதியிருக்கிறது. சுற்றளவு எழுத வேண்டிய பத்தி முழுக்கக் காலி. தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் டேப் சுற்றி அளக்காவிட்டால் அடிப்பரப்பு (தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பு) வராது, மரத்தில் எவ்வளவு கார்பன் என்ற கணக்கும் வராது. டேப்பே தரவில்லையாம். மண் பரிசோதனைப் பக்கத்தில் கரிமக் கார்பன் அளவு மட்டும் இருக்கிறது. எந்த வயல், எத்தனை சென்டிமீட்டர் ஆழம் என்ற விவரம் இல்லை. அதை அளக்கும் வாக்லி–பிளாக் முறைக்குப் பொட்டாசியம் டைகுரோமேட், அடர் கந்தக அமிலம், பியூரெட், கழுவும் தொட்டி எல்லாம் வேண்டும். அந்த மாடி அறையில் தண்ணீர்க் குழாயே கிடையாது. எண்ணை எங்கிருந்தோ பார்த்து எழுத வைத்திருக்கிறார்கள்.

'ஃபீல்டு வொர்க்' என்று தனியாகப் பணம் வாங்கி, பரம்பிக்குளத்தில் டூரிஸ்ட் வண்டியில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுக் கூட்டி வந்திருக்கிறார்கள். சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 28ஆம் பிரிவில் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி வாங்க வேண்டும். போன வருட பேட்ச்சின் அனுமதிக் கடித நகலைக் கேளுங்கள். உண்மையான துறை என்றால் உடனே எடுத்துக் காட்டும்.

இதே ஆசைக்கு நேரான வழி இருக்கிறது. வெள்ளானிக்கரை வனவியல் கல்லூரி கேரள வேளாண் பல்கலைக்கழகத்துடையது. அங்கே நீட் ரேங்க் வழியாகச் சேர்க்கை. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) இடங்களுக்கு கியூட் என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதலாம். இரண்டும் கிடைக்காவிட்டால் அரசுக் கல்லூரியில் பாட்டனியோ ஜுவாலஜியோ எடுங்கள், ஐ.எஃப்.எஸ். கதவு திறந்தே இருக்கும்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் ரசீதை எடுத்துப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயருக்குப் பதில் ஏதோ ஒரு டிரஸ்ட்டின் பெயர் இருந்தால் உஷாராகிவிடுங்கள். யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி, சேர்க்கைக்கு அறிவித்த கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளோ அதற்கும் மேலோ முன்பாக விலகினால், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். கடைசித் தேதி கடந்து பதினைந்து நாளுக்குள் என்றால் 80 சதவீதம், முப்பது நாளுக்குள் என்றால் 50, அதற்குப் பிறகு எதுவும் வராது. அதனால் விலகல் கடிதத்தை இன்றைக்கே மெயிலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் பிடித்து வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை கிடையாது. தர மறுத்தால் யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்தில் ரசீது நகலோடு புகார் கொடுங்கள்.