தளபாடம் வாங்குவோர் கவனத்துக்கு: பற்றுச்சீட்டில் மரத்தின் பெயரை எழுதுவியுங்கள்

உவர்மலையில் நாங்கள் கட்டி முடித்த வீட்டுக்காக, ஸ்கண்டிநேவியப் பாணித் தளபாடங்கள் விற்கும் திருகோணமலைக் குடும்ப நிறுவனம் ஒன்றில், சாப்பாட்டு மேசையொன்றுக்கும் ஆறு கதிரைகளுக்கும் சென்ற ஆவணியில் ஓடர் கொடுத்தேன். விலை 340,000 ரூபாய். பாதியை முற்பணமாகக் கட்டினேன்.

தகப்பன் கணக்கெழுத, தாய் தேநீர் கொண்டுவந்து தர, மகன் பொருட்களை விளக்கினார். டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் வெக்னர் 1949இல் வடிவமைத்த கதிரையின் படத்தைக் காட்டி, அதன் இருக்கை ஏறத்தாழ 120 மீற்றர் கடதாசிக் கயிற்றால் கையாற் பின்னப்படுவது என்றார். அவர் சொன்னது சரியான தகவல்தான். தொழிலை இவ்வளவு அறிந்தவர் ஏமாற்றமாட்டார் என்று நான் நம்பினேன். காட்சியறையில் இருந்த மேசையும் நல்ல றப்பர் மரமே: மேற்பரப்பில் ஓடிய ரேகை விளிம்பிலும் தொடர்ந்து இறங்கியதை நானே தடவிப் பார்த்தேன். “இதே மரத்தில்தான் அண்ணன் செய்து தருவோம்” என்றார்கள்.

ஒக்டோபர் 12ஆம் திகதி, இருட்டிய பிறகு லொறி வந்தது. மிகுதிப் பணத்தை வாங்கிக்கொண்டு, “மேசை 1, கதிரை 6” என்று மட்டும் எழுதிய பற்றுச்சீட்டைத் தந்துவிட்டுப் போனார்கள்.

நவம்பரில் வடகீழ்ப் பருவமழை பிடித்துக்கொண்ட இரண்டாவது வாரத்தில், மேசையின் ஒரு மூலை பொருமியது. ஒட்டியிருந்த விளிம்புப் பட்டி சுருண்டு கழன்றது. எங்கள் ஓடாவி மேசையைக் கவிழ்த்து ஒரு காலைக் கழற்றியபோது, ஆணித் துளையிலிருந்து ஈரத்தூள் கொட்டியது. மரத்தூளையும் சீவல்களையும் பசையிட்டு அழுத்திய பலகையின் மேல் மரநிறத் தாளை ஒட்டியிருந்தார்கள். அத்தகைய பலகை மலிவானது, ஈரத்தைக் குடித்தால் ஊதும், ஊதிய பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது. அதை அதன் பெயரைச் சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றிருந்தால் எனக்கு முறைப்பாடே இல்லை. கதிரைகளின் இருக்கையில் கடதாசிக் கயிறு என்று சொல்லப்பட்டதும் பிளாஸ்டிக் கயிறுதான்.

கடைக்குப் போனபோது ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. “கடற்காற்று அண்ணன், எந்த மரமும் கொஞ்சம் ஊதும். மழை விடட்டும், தை பிறந்ததும் வந்து மாற்றித் தருகிறோம்” என்றார் தகப்பன். அந்த இதமான பேச்சுத்தான் இதில் மிக ஆபத்தானது என்று இப்போது கருதுகிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். தை பிறக்கும் வரை பொறுத்திருந்தால், என் காலக்கெடு இரண்டொரு நாள் முன்பே முடிந்திருக்கும். கச்சேரியில் வேலை செய்யும் உறவினர் ஒருவர் இதைச் சொன்னதால், கார்த்திகை முடியுமுன்னரே படங்களோடு முறைப்பாட்டைக் கொடுத்தேன்.

விசாரணையில் என் கையைக் கட்டுவது அந்தப் பற்றுச்சீட்டுத்தான். அதில் மரத்தின் பெயரே இல்லை. ஆகவே முற்பணம் கொடுக்கும்போதே மரத்தின் பெயர், பலகையின் தடிப்பு, இருக்கைக் கயிற்றின் வகை ஆகியவற்றை எழுதுவித்துக் கையொப்பம் வாங்குங்கள். பொருளைப் பகலில் இறக்கச் சொல்லுங்கள். மேசையைக் கவிழ்த்து, விளிம்பில் ரேகை தொடர்கிறதா என்று பார்த்த பின்னரே மிகுதிப் பணத்தைக் கொடுங்கள். அதே கடையில் ஒக்டோபருக்குப் பின் வாங்கியவர்கள், தவணை சொன்னாலும் காத்திருக்காமல் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விவரம் கேட்டு, முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.