முதல் பி.சி.பி. ஏர் ரைஃபிள்: .177 எடுத்துச் சில வருடங்கள் சுட்ட பிறகு

இங்கிலாந்தில் முதல் பி.சி.பி. (முன்கூட்டியே அடைத்து வைத்த அழுத்தக் காற்றால் சுடும் ஏர் ரைஃபிள்) வாங்கப் போகிறவர் யாராக இருந்தாலும் முதலில் கேட்பது ".177 எடுக்கவா, .22 எடுக்கவா?" என்பதுதான். இந்த எண்கள்தான் காலிபர், அதாவது குழல் துளையின் அகலம், அங்குலத்தில். நான் .177 எடுத்தேன். துப்பாக்கி வைராக் நிறுவனத்தின் எச்.டபிள்யூ. 100, கட்டைவிரல் ஓட்டை வைத்த மரக்கட்டை கொண்ட குட்டை மாடல். கென்ட் பக்கம் ஒரு சிறு காட்டுக்குள் எங்கள் கிளப் இருக்கிறது. ஞாயிறு காலையில் அங்கே போய் ஹண்டர் ஃபீல்டு டார்கெட் (வெவ்வேறு தூரங்களில் நிற்கும் இரும்பு இலக்குகளைச் சாய்க்கும் போட்டி) சுடுவதுதான் என் பழக்கம். இன்றைக்குப் புதிதாக வாங்கப் போனாலும் கண்ணை மூடிக்கொண்டு .177-ஐத்தான் கேட்பேன். அதற்கான காரணத்தைக் கொஞ்சம் கணக்கோடு சொல்கிறேன். ஏனென்றால் இந்தப் பேச்சில் வழக்கமாக அபிப்பிராயம் நிறைய இருக்கும், கணக்கு இருக்காது.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. ஸ்பிரிங் வைத்த ஏர் ரைஃபிளில், ட்ரிகரை இழுத்ததும் உள்ளே கனமான பிஸ்டன் முன்னால் பாய்ந்து, பெல்லட் என்கிற சிறு குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்குள் துப்பாக்கியை முன்னும் பின்னும் உலுக்கிவிடும். அதைப் பிடிக்கிற விதத்தைப் பழகுவதற்கே மாதக்கணக்கில் ஆகும். பி.சி.பி.யில் காற்று முன்கூட்டியே சிலிண்டரில் அடைக்கப்பட்டிருக்கிறது. என்னுடையதில் 200 பார் வரை நிரப்பலாம். கார் டயரில் இருப்பது இரண்டரை பார்கூட இருக்காது. ஒவ்வொரு தடவையும் வால்வு ஒரு நொடிக்கும் மிகக் குறைவான நேரம் திறந்து மூடும், அவ்வளவுதான். உதறல் கிட்டத்தட்ட இல்லை. இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1780 வாக்கிலேயே ஆஸ்திரியப் படையில் ஜிரார்டோனி என்ற காற்றுத் துப்பாக்கி இருந்தது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியைக் கடந்து போன லூயிஸ், கிளார்க் குழுவும் ஒரு காற்றுத் துப்பாக்கியைக் கையோடு கொண்டுபோனது.

சரி, காலிபருக்கு வருவோம்.

இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது சட்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 12 அடி-பவுண்டுக்கு (வெளியேறும் பெல்லட்டின் சக்தியை அளக்கும் அலகு) உட்பட்ட ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம். கடைகளில் வருபவை பெரும்பாலும் பதினொன்றரைக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கும். அதாவது .177 ஆகட்டும், .22 ஆகட்டும், இரண்டுக்கும் கிடைக்கிற சக்தி ஒன்றேதான். லேசான பெல்லட் வேகமாகப் போகும், கனமானது மெதுவாகப் போகும். பெரும்பாலோர் சுடும் ஜே.எஸ்.பி. நிறுவனத்தின் பெல்லட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். .177-இல் அதன் எடை 8.44 கிரெயின். பதினொன்றரை அடி-பவுண்டில் நொடிக்குச் சுமார் 780 அடி வேகம் வரும். .22-இல் 15.89 கிரெயின், வேகம் 570 அடி. இந்த 200 அடி வித்தியாசம்தான் முழுக்கதையும்.

இரண்டிலும் ஸ்கோப்பை (குறி பார்க்கும் தொலைநோக்கி) 30 யார்டில் பெல்லட் குறியிலேயே படும்படி நேர் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். 45 யார்டில் .177 பெல்லட் ஸ்கோப்பின் குறுக்குக் கோட்டுக்குக் கீழே ஏறக்குறைய நான்கு செ.மீ. இறங்கியிருக்கும். .22 எட்டு செ.மீ. இறங்கும். இறக்கம் தெரிந்துவிட்டால் மேலே தூக்கிப் பிடித்துச் சுட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். தூரம் தெரிந்தால் தாராளமாகச் செய்யலாம். ஹண்டர் ஃபீல்டு டார்கெட்டில் தூரம் தெரியாது. இலக்குகள் 8 முதல் 45 யார்டுக்குள் எங்கேயும் இருக்கலாம். அளக்கும் கருவி எதற்கும் அனுமதியில்லை. சுடத் தொடங்கிய பிறகு ஸ்கோப்பின் திருகைத் தொடக்கூடாது. கண்ணால் மட்டுமே கணிக்க வேண்டும்.

எங்கள் காட்டில் ஒரு இடம் உண்டு. சின்ன ஓடைப் பள்ளத்துக்கு அந்தப்புறம், கருப்பாகப் பாசி படிந்த ஓக் மரத்தடியில் ஒரு இரும்பு முயல் நிற்கும். அதன் நெஞ்சில் 40 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டம். அதற்குள் பெல்லட் பட்டால் முயல் பின்னால் சாயும். பள்ளம் குறுக்கே கிடப்பதால் கண் ஏமாறும். 45 யார்டில் இருப்பது 40 மாதிரித் தெரியும். அந்த 5 யார்டு பிழைக்கு .177-இல் கொடுக்க வேண்டிய விலை இரண்டு செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. வட்டத்தின் மையத்தைக் குறி வைத்திருந்தால் விளிம்பை ஒட்டியாவது பெல்லட் உள்ளே போய்விடும். .22-இல் அதே பிழைக்கு நான்கு செ.மீ. போய்விடும், பெல்லட் வயிற்றுக்குக் கீழே மண்ணில். அந்த இடத்தில் நல்ல கைகாரர்களின் .22 மண்ணைக் கிளறியதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவர்கள் சுட்டதில் குறையில்லை. கணிப்பில்தான் ஐந்து யார்டு போனது.

முதல் துப்பாக்கி வாங்குகிறவருக்குத் தூரம் கணிக்கத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, அது பழகப் பழக வரும். அது வருகிற வரை அவருடைய பிழையைப் பொறுத்துக்கொள்கிற காலிபர் .177. என் வாதம் இவ்வளவே.

அப்படியானால் .22 எதற்கு? இங்கே கிராமப்புறத்தில் "இறகுக்கு .177, ரோமத்துக்கு .22" என்று பழைய பேச்சு ஒன்று இருக்கிறது. பண்ணைக் கொட்டகையில் எலி தொல்லையைத் தீர்க்கப் போகிறவருக்கு .22 நியாயமான தேர்வுதான். தூரம் 15, 20 யார்டுக்குள், அதுவும் பழகிய தூரம். அகலமான பெல்லட் பட்ட இடத்திலேயே சக்தியை இறக்கிவிடும், எதிர்ப்பக்கம் துளைத்துப் போகிற வாய்ப்பு குறைவு. அப்புறம், ஒரே சிலிண்டர் காற்றில் .22 கூடுதல் முறை சுடும், ஏனென்றால் அகலமான குழலில் காற்று இன்னும் நன்றாக வேலை செய்கிறது. பக்கக் காற்றிலும் .22 கொஞ்சம் குறைவாக விலகும். கொஞ்சம்தான், அதை நம்பி வாங்கும் அளவுக்கு இல்லை. ஜனவரிக் குளிரில் விரல் மரத்துப்போயிருக்கும்போது .22 பெல்லட்டை மேகசினில் போடுவது எவ்வளவோ சுலபம், இதை ஒத்துக்கொள்ள வேண்டும். .25 பற்றிக் கேட்பவர்களுக்கு: 12 அடி-பவுண்டில் அது எறிந்த கல் மாதிரி வளைந்து போகும். உரிமம் வாங்கி அதிக சக்தியில் சுடுகிறவர்களுக்கு அதை விட்டுவிடலாம்.

காலிபரைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் காற்றைப் பற்றிப் பேசுவதில்லை. அன்றாடத்தில் உங்களைப் படுத்தப் போவதும், பணம் கேட்கப் போவதும் அதுதான். மூன்று வழி இருக்கிறது: கை பம்பு, டைவிங் பாட்டில், மின் கம்ப்ரஸர். நான் பம்பில் தொடங்கிப் பாட்டிலுக்கு வந்தேன். பம்பு மலிவு, எங்கும் எடுத்துப் போகலாம், யார் தயவும் வேண்டாம். ஆனால் 150 பாரைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு அழுத்தத்துக்கும் உடம்பு எடையை முழுசாகப் போட வேண்டும். பம்பின் அடிப்பாகம் தொட முடியாதபடி சுடும். இடையிடையே ஆறவிட வேண்டும், ஈரத்தை வெளியேற்றும் திருகைத் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஈரம் சிலிண்டருக்குள் போய்த் துருப்பிடிக்கும். முதுகுவலிக்காரர்கள் பம்பு பக்கம் போகாதீர்கள்.

பாட்டில் என்றால் 300 பார் பாட்டிலாகவே எடுங்கள். 232 பார் பாட்டிலில் முதல் சில நிரப்புதலுக்கு மட்டும்தான் 200 பார் முழுசாகக் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் அழுத்தம் இறங்கிக்கொண்டே வரும். 300-இல் அந்தக் கவலை வெகுநாள் தள்ளிப்போகும். டைவிங் கடையில் நிரப்பித் தருவார்கள், ஆனால் பாட்டிலின் சோதனைத் தேதி தாண்டியிருந்தால் கையில்கூடத் தொடமாட்டார்கள். அது சரிதான். நிரப்பும்போது வால்வை மெல்லத் திறவுங்கள். அழுத்தமானியின் முள் ஏறுவது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெதுவாக. வேகமாக நிரப்பினால் காற்று சூடாகி 200 காட்டும், ஆறியதும் 185-இல் வந்து நிற்கும். சிலிண்டரில் காற்றே இல்லாமல் போயிருந்தால், குண்டு போடாமல் லீவரை இழுத்து வைத்துவிட்டு நிரப்புங்கள். வால்வைத் தட்டித் திறக்கும் உள் சுத்தியல் அதன் மேல் அழுத்திக்கொண்டிருந்தால் போகிற காற்றெல்லாம் குழல் வழியாகவே வெளியேறும்.

எனக்கு ஒரு பழைய குழாய் தந்த தொல்லையைச் சொல்ல வேண்டும். பாட்டிலோடு செகண்ட் ஹேண்டில் வந்த நிரப்பும் குழாய் அது. நிரப்பி முடித்து அடுத்த வாரம் வந்து பார்த்தால் பாட்டில் பாதி. துப்பாக்கியில்தான் கசிவு என்று எல்லோரும் சொன்னார்கள். துப்பாக்கியின் முள் அசையவே இல்லை. கடைசியில் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரை இணைப்புகளில் தடவியதும், குழாயின் திருகு வாயில் அரிசி மணி அளவில் ஒரு குமிழ் ஊதி ஊதி நின்றது. உள்ளே இருந்த ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. சில பென்ஸ் விலை. சிலிகான் கிரீஸ் தொட்டுப் புதிதாகப் போட்டதும் தீர்ந்தது. கிரீஸ் விஷயத்தில் விளையாடாதீர்கள். பெட்ரோலிய எண்ணெய் எதுவும் அழுத்தக் காற்றுப் பக்கம் போகக்கூடாது, பற்றி வெடிக்கும். காற்றுக்குப் பதில் ஆக்சிஜன் நிரப்புவது அதைவிடப் பெரிய ஆபத்து.

ரெகுலேட்டர் (ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அழுத்தத்தில் காற்று கிடைக்கச் செய்யும் அமைப்பு) உள்ள துப்பாக்கியா, இல்லாததா என்ற கேள்வியும் வரும். ரெகுலேட்டர் இல்லாததில் சிலிண்டர் நிறைந்திருக்கும்போது வேகம் சற்று ஒருமாதிரி, நடுவில் ஒருமாதிரி, கடைசியில் ஒருமாதிரி இருக்கும். நடுப்பகுதியைக் கண்டுபிடித்து அதற்குள் சுட்டால் ஒரு குறையும் இல்லை. ஏர் ஆர்ம்ஸ் எஸ்400 அப்படிப்பட்டதுதான், ஒவ்வொரு குண்டாகப் போட்டுச் சுடுவது, எங்கள் கிளப்பில் அதை வைத்திருப்பவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள். எளிமையான உள்ளமைப்பு, பழுதுபார்ப்பதும் சுலபம். பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் அதையே பரிந்துரைப்பேன். எச்.டபிள்யூ. 100-இல் 14 குண்டு மேகசின் உண்டு. லீவரை முழுசாக இழுத்து முழுசாகத் தள்ள வேண்டும். மேகசின் வைத்த பல துப்பாக்கிகளில் லீவரை இரண்டு முறை ஓட்டினால் இரண்டு பெல்லட் குழலுக்குள் போய்விடும், அந்தப் பழக்கம் மட்டும் கவனம். எச்.டபிள்யூ. 100-இன் ட்ரிகரைப் பற்றி எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். முதல் கட்டம் நழுவி வந்து ஒரு சுவரில் முட்டி நிற்கும். அதன் பிறகு நினைத்த நொடியில் விடுபட்டுச் சுடும். எடை ஸ்கோப்போடு சேர்த்து நான்கரை கிலோவை நெருங்கும். படுத்துச் சுடுகிற எனக்கு அந்த எடை நல்லது, ஆடாமல் நிற்கிறது. நாள் முழுக்கத் தோளில் மாட்டி நடக்கிறவர் வேறு பார்க்கலாம்.

வாங்கிய பிறகு பெல்லட்டின் வேகத்தை அளக்கும் வேகமானி ஒன்று வைத்திருப்பது அவசியம். பி.சி.பி.யில் கனமான பெல்லட் போட்டால் சக்தி கூடும். 8.44 கிரெயினில் பதினொன்றரையாக இருந்த துப்பாக்கியில் 10.34 கிரெயின் பெல்லட் போட்டு, அது 725 அடி வேகம் காட்டினால், கணக்கு 12-ஐத் தாண்டிவிடும். அந்த நிமிடத்திலிருந்து உங்கள் கையில் இருப்பது உரிமமில்லாத துப்பாக்கி. தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. ஸ்காட்லாந்தில் 2016 கடைசியிலிருந்து 12-க்கு உட்பட்டதற்கே சான்றிதழ் வேண்டும். அங்கே போட்டிக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பூட்டிய அலமாரி. தோட்டத்தில் சுட்டால் ஒரு பெல்லட்கூட வேலி தாண்டக்கூடாது, அதுவே குற்றம்.

இந்தியாவில் இருந்து சொந்தக்காரர்கள் கேட்கும்போது என் பதில் வேறு. அங்கே 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்படி துளை .177-க்கு மேலேயோ சக்தி 20 ஜூலுக்கு மேலேயோ போனால் உரிமம் தேவை. எங்கள் 12 அடி-பவுண்டு என்பது சுமார் 16 ஜூல். ஆகவே .22-ஆ என்ற கேள்வியே அங்கே பெரும்பாலோருக்கு எழாது. கடலூரைச் சொந்த ஊராகக் கொண்ட துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் சுடுவது போன்ற 10 மீட்டர் போட்டித் துப்பாக்கியும் பி.சி.பி.தான், .177-தான். ஆனால் அதன் சக்தி எங்கள் துப்பாக்கிகளில் பாதிதான். ஸ்கோப் கிடையாது, வேலையே வேறு. பத்து மீட்டர் போட்டி மனதில் இருந்தால் நான் மேலே எழுதியதில் காற்று நிரப்புகிற பகுதி மட்டும் உங்களுக்குப் பயன்படும்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதானால், முதல் நாள் இரவே 180 பார் நிரப்பி வைக்கச் சொல்லிவிட்டு மறுநாள் போங்கள். முள் அங்கேயே நிற்க வேண்டும். பிறகு விற்கிறவரின் அனுமதியோடு 25 யார்டில் ஒரு மேகசின் சுட்டுப் பாருங்கள். துளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் பேரம் பேசலாம். சிதறியிருந்தால், குழலை ஒரு தடவை துடைத்துவிட்டு ஜே.எஸ்.பி. 8.44-இல் இன்னொரு மேகசின் சுடக் கேளுங்கள். அழுக்குக் குழலாலும் ஒத்துவராத பெல்லட்டாலும் நல்ல துப்பாக்கிகள் பாதி விலைக்கு விற்பனைக்கு வருவதுண்டு.