தலைமையாசிரியருக்கான செய்திகளும் பயிற்சி வளங்களும்: சில ஆண்டுகளாகப் பயன்படுத்தியதில் கண்டவை

பட்டதாரி ஆசிரியராகப் பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டுப் பதவி உயர்வில் அரசு உயர்நிலைப்பள்ளித் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற எனக்கு, அந்தப் பொறுப்புக்கு உதவும் எனச் சொல்லப்பட்ட வளங்களுக்குக் குறைவே இருந்ததில்லை. பள்ளிக்கல்வி இயக்குநரின் செயல்முறைகள் (அலுவல் ஆணைக் கடிதங்கள்), வாட்ஸ்அப் குழுக்கள், கல்விச் செய்தித் தளங்கள், திக்‌ஷா என்ற அரசு இணையக் கற்றல் தளத்தின் பாடநெறிகள், நேரடிப் பயிற்சிகள், மாத இதழ் என ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. இவற்றை எடைபோட நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இது என்னை வகுப்பறைப் பக்கம் நடக்க வைக்கிறதா, அலுவலக அறை நாற்காலியிலேயே உட்கார வைக்கிறதா? தலைமையாசிரியர் படிப்பதும் கேட்பதும் பிள்ளைகளின் கற்றலில் போய்ச் சேரவில்லை என்றால், அதற்குச் செலவிட்ட நேரம் பள்ளியிடமிருந்து எடுத்துக்கொண்ட நேரம் என்றே கருதுகிறேன்.

முதலில் செய்திகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தேர்வு அட்டவணை, கலந்தாய்வு, நலத்திட்டப் பொருள்கள், எமிஸ் எனும் பள்ளி, மாணவர் விவரத் தளத்தில் பதிவேற்ற வேண்டியவை என எல்லாமே இப்போது அலுவலகக் கடிதத்துக்கு முன்பே கைப்பேசிக்கு வந்துவிடுகின்றன. தனியார் நடத்தும் கல்விச் செய்தித் தளங்களின் வேகத்தையும், பழைய அரசாணைகளைத் தேடி எடுக்க அவை தரும் வசதியையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஓய்வூதியக் கருத்துரு (முன்மொழிவு) ஒன்றைத் தயாரிக்கும்போது தேவைப்பட்ட பழைய அரசாணை எனக்கு அப்படித்தான் கிடைத்தது. ஆனால் தலைப்பை நம்பி அவற்றைப் பள்ளியில் நடைமுறைப்படுத்தக் கூடாது. அரையாண்டுத் தேர்வு நேரத்தில் ஒரு செயல்முறைக் கடிதத்தின் படம் எங்கள் ஆசிரியர் குழுவில் வந்தது. தேதி இருக்கும் மேல்பகுதி வெட்டப்பட்டிருந்தது. ஆனால் ‘பார்வை’ என்ற தலைப்பின் கீழ் மேற்கோளாகக் காட்டியிருந்த கடிதங்கள் அனைத்தும் முந்தைய கல்வியாண்டைச் சேர்ந்தவை. அதைக் கவனித்த பிறகு அறிவிப்புப் பலகைக்கு எதுவும் போகவில்லை. ந.க.எண் (கடிதத்தின் கோப்பு எண்), நாள், பொருள், பார்வை, பெறுநர் ஆகிய ஐந்தையும் முழுமையாகப் பார்க்காமல் எந்தக் கடிதத்தையும் சுற்றுக்கு விடுவதில்லை என்பது அதன்பின் எங்கள் பள்ளியில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட வழக்கமாகிவிட்டது. கிடைக்கும் கடிதங்களைத் தேதிவாரியாகச் சேமிப்பதைவிடப் பொருள்வாரியாகச் சேமிப்பது பலமடங்கு பயன் தருகிறது. தணிக்கையின்போது இது நன்றாகத் தெரியும்.

பயிற்சி வளங்களில் அதிகம் பயன்படுத்தியது திக்‌ஷா தளமும் அதில் நடந்த, ஒன்றிய அரசின் ஆசிரியர் பயிற்சித் திட்டமான நிஷ்தாவின் பாடநெறிகளும்தான். நிஷ்தா 2019 ஆகஸ்ட் 21 அன்று நேரடிப் பயிற்சியாகத் தொடங்கப்பட்டது. தொடக்கக்கல்வி நிலையில் சுமார் 42 லட்சம் ஆசிரியர்களையும் தலைமையாசிரியர்களையும் சென்றடைவது அதன் இலக்கு. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டதும் 2020 அக்டோபரில் அது திக்‌ஷா வழியாக இணையத்துக்கு மாறி, 18 பாடநெறிகளாக வந்தது. தமிழில் படிக்க முடிந்ததும், விரும்பிய நேரத்தில் நிறுத்தித் தொடர முடிந்ததும் இதன் பெரிய வசதிகள். சான்றிதழுக்கு இறுதி மதிப்பீட்டில் 70 விழுக்காடு பெற வேண்டும் என்ற நிபந்தனை இருந்தாலும், வினாக்கள் பெரும்பாலும் நினைவாற்றலைச் சோதிப்பவையாகவே இருந்தன. காணொலியை ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்த்தவரும் சான்றிதழ் பெற்றுவிடலாம் என்பது இந்த ஏற்பாட்டின் பலவீனம். மேலும், பாடநெறிகள் குறிப்பிட்ட நாள்களுக்கு மட்டுமே திறந்திருந்ததால், எத்தனை பேர் முடித்தார்கள் என்ற பட்டியலை அனுப்புவதே தலைமையாசிரியர்களுக்கு ஒரு தனி வேலையாயிற்று. ஒருவர் என்ன கற்றார் என்று அந்த நாள்களில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. முடித்தாரா என்றுதான் கேட்டார்கள்.

இந்தக் குறையையும் மீறி, அந்த வரிசையில் குழந்தைகளின் உரிமைகள், பாலியல் துன்புறுத்தல், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் ஆகியவற்றைப் பற்றிய பாடநெறிக்காகவே நான் நிஷ்தாவைப் பரிந்துரைப்பேன். குற்றம் நடந்திருப்பதாக அறிந்தவர் காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 19ஆவது பிரிவு. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ்ப் பணிபுரிபவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்கத் தவறினால் ஓராண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு என்கிறது 21ஆவது பிரிவு. ‘முதலில் நாமே விசாரித்து உண்மையா என்று பார்த்துவிடுவோம்’, ‘பள்ளியின் பெயர் கெட்டுவிடும்’ என்ற பேச்சுகளுக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்பதை ஒவ்வொரு தலைமையாசிரியரும் பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே அறிந்திருக்க வேண்டும். அந்தப் பாடநெறியை நான் தனியாகப் படித்து முடித்துவிடாமல், ஆசிரியர்கள் அனைவரோடும் அலுவலகப் பணியாளர், தூய்மைப் பணியாளர் ஆகியோரையும் உட்காரவைத்து, காணொலியை இடையிடையே நிறுத்திப் பேசினோம். 1098 (குழந்தைகளுக்கானது), 14417 (பள்ளிக்கல்வித் துறையுடையது) ஆகிய உதவி எண்கள் சுவரில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தன. ஒரு மாணவி தன்னிடம் வந்து சொன்னால் முதலில் என்ன பேசுவது, என்ன பேசக் கூடாது, அவள் பெயரை யாரிடமெல்லாம் சொல்லக் கூடாது என்பதை வாய்விட்டுப் பேசியது அன்றுதான். எந்தச் சான்றிதழையும்விட அந்த ஒரு மணி நேரத்தை நான் மதிக்கிறேன்.

பள்ளித் தலைமைத்துவம் என்ற பொருளில் ஆழமாகப் படிக்க விரும்புவோருக்கு, புதுதில்லியில் உள்ள தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனத்தின் கீழ் 2012இல் அமைக்கப்பட்ட தேசியப் பள்ளித் தலைமைத்துவ மையத்தின் கையேடு நல்ல தொடக்கம். தலைமைப் பணியை அது ஏழு களங்களாகப் பிரிக்கிறது. நிர்வாகம் அவற்றில் ஒன்று மட்டுமே, அதுவும் கடைசியில்தான் வருகிறது. கற்றல் கற்பித்தலை மாற்றுவது, குழுவை உருவாக்கி வழிநடத்துவது, புதுமைகளை முன்னெடுப்பது, பெற்றோரோடும் ஊரோடும் கைகோப்பது எல்லாம் அதற்கு முன்னால் இருக்கின்றன. நம் அன்றாடம் இதற்கு நேர்த்தலைகீழாக இருப்பதை அந்தப் பட்டியலைப் பார்த்ததும் உணரலாம். நான் படித்தது ஆங்கிலத்தில். நடை சற்றுக் கனமானது. நம் பள்ளிச் சூழலிலிருந்து எடுத்த நிகழ்வுகளோடு எளிய தமிழில் ஒரு நூல் இருந்தால் இந்தக் கருத்துகள் இன்னும் பலரைச் சென்றடையும்.

ஆனால் என் பள்ளியில் உண்மையான மாற்றத்தைக் கொண்டுவந்தது, பலரும் வெறும் பதிவேற்றச் சுமையாகக் கருதும் ஷாலா சித்தி எனும், பள்ளி தன்னைத்தானே மதிப்பிட்டுக்கொள்வதற்கான தேசியச் சட்டகம். 2015இல் வெளியான இச்சட்டகத்தில் 7 களங்களும் 46 தரக்கூறுகளும் உள்ளன. ஒவ்வொன்றிலும் பள்ளி எந்த நிலையில் நிற்கிறது என்பதை 3 நிலைகளில் (3 உயர்ந்தது) நாமே குறிக்க வேண்டும். கடைசி நாளன்று ஒருவர் கணினி முன் அமர்ந்து நிரப்பினால் இதனால் எந்தப் பயனும் இல்லை. நாங்கள் வெள்ளிக்கிழமை மாலைக் கூட்டத்தில் ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு தரக்கூறை மட்டும் எடுத்துக்கொண்டோம். நிலையைச் சொல்பவர் ஆதாரத்தையும் சொல்ல வேண்டும் என்பது மட்டுமே விதி. கழிப்பறை வசதிக்கு நிலை 3 போடலாம் என்று பலரும் சொன்னார்கள். எண்ணிக்கையும் தண்ணீரும் சரியாகத்தான் இருந்தன. அப்போது ஏழாம் வகுப்பின் வகுப்பாசிரியை, மதிய இடைவேளையில் மாணவிகளின் வரிசை எங்கிருந்து எங்குவரை நீள்கிறது, கடைசியில் நிற்கும் பிள்ளை வகுப்புக்குத் திரும்பும்போது பாடம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை விவரித்தார். நிலை 1 என்று குறித்தோம். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அது தீர்மானமாயிற்று. அதற்குக் காத்திராமல் இடைவேளையை வகுப்புவாரியாகப் பிரித்ததிலேயே பாதிச் சிக்கல் தீர்ந்தது. மாணவர் முன்னேற்றம் பற்றிய களத்தை எடுத்த வாரங்களில் மதிப்பெண் பதிவேடுகளை மேசையில் விரித்து வைத்துப் பேசியபோது, ஆறாம் வகுப்பில் பின்னக்கணக்கில் தடுமாறும் பிள்ளைகளில் பலருக்கு வகுத்தலே பிடிபடவில்லை என்பது கணித ஆசிரியர் வாயாலேயே வந்தது. அதன்பின் அவர் வகுப்பில் நான் கடைசி வரிசையில் அமர்ந்தது ஆய்வுக்காக அல்ல, அந்தப் பிள்ளைகள் எந்த இடத்தில் நின்றுபோகிறார்கள் என்று இருவருமாகப் பார்ப்பதற்காக.

இதற்கு ஆய்வு வழியிலும் வலுவான ஆதரவு உண்டு. நியூசிலாந்தின் கல்வி ஆய்வாளர் விவியன் ராபின்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து 2008இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், தலைமையாசிரியரின் பல்வேறு செயல்பாடுகளுள் மாணவர் கற்றலோடு மிக வலுவான தொடர்பு கொண்டதாகத் தெரிந்தது, ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்து அதில் தானும் பங்கேற்பதே. ‘தானும் பங்கேற்பது’ என்ற பகுதியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆசிரியர்களைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு அலுவல் விடுப்பில் கையெழுத்திடுவது அதில் சேராது.

பள்ளிக்கல்வித் துறை ஆசிரியர்களுக்காக 2022 முதல் வெளியிடும் ‘கனவு ஆசிரியர்’ இதழ் ஆசிரியர் அறையில் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டிய ஒன்று. சக ஆசிரியர்கள் தங்கள் வகுப்பறை முயற்சிகளை எழுதும் பக்கங்களே அதில் எனக்குப் பிடித்தவை.

நேரடிப் பயிற்சிகளைப் பற்றி ஒரு மனக்குறையைச் சொல்லியாக வேண்டும். பெரிய மண்டபத்தில் நூற்றுக்கணக்கானோரை அமரவைத்து, திரையில் இருப்பதை அப்படியே வாசிக்கும் பயிற்சிகளில் கலந்துகொண்டிருக்கிறேன். அங்கே பயனுள்ளதாக அமைந்தது பெரும்பாலும் உணவு இடைவேளைதான். ஒரே மாதிரியான சிக்கலோடு வந்திருக்கும் பக்கத்து ஒன்றியத் தலைமையாசிரியரோடு பேசக் கிடைக்கும் நேரம் அது. அந்தப் பேச்சையே பயிற்சியின் மையமாக்கி, ஐந்தாறு தலைமையாசிரியர்கள் மாதம் ஒருவர் பள்ளிக்குச் சென்று இரண்டு வகுப்புகளைப் பார்த்துவிட்டுக் கலந்து பேசும்படி அருகருகே உள்ள சில பள்ளிகளை இணைக்கும் குறுவள மைய அளவில் ஏற்பாடு செய்தால், புதிய செலவு ஏதும் இல்லாமலேயே பெரும் பயன் கிடைக்கும்.

புதிதாகப் பொறுப்பேற்கும் ஒருவர் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் என் வரிசை இதுதான்: முதல் வாரத்தில் போக்சோ பாடநெறி, ஆசிரியர்கள் அனைவரோடும் சேர்ந்து; முதல் பருவத்துக்குள் ஷாலா சித்தியின் மாணவர் முன்னேற்றக் களம், மதிப்பெண் பதிவேடுகளோடு; தலைமைத்துவக் கையேட்டைக் கோடை விடுமுறையில் பொறுமையாக. வாட்ஸ்அப் குழுக்களைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பார்த்தால் போதும். அவசரமான செய்தி என்றால் வட்டார அலுவலகத்திலிருந்து தொலைபேசியே வந்துவிடும்.