பாலம் தாண்டி வேலைக்குப் போக: சைக்கிளா, எக்ஸ்எல்லா, பஸ்ஸா?

அக்கா மகனுக்கு மண்டபத்தில் வேலை கிடைத்திருக்கிறது. வீடு ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில். ஒரு வழிக்குப் பத்துக் கிலோமீட்டர் சொச்சம், நடுவில் பாம்பன் பாலம். "மாமா, அந்த ரோட்டுல நீங்க எல்லாத்துலயும் போயிருக்கீங்கள்ல, நான் எதை வாங்கட்டும்?" என்று கேட்டான். வாஸ்தவம்தான். சைக்கிள், எக்ஸ்எல் மொபெட், பஸ், கொஞ்ச நாள் இரவல் வாங்கிய பேட்டரி சைக்கிள் என்று எல்லாவற்றிலும் அந்தப் பாலத்தைக் கடந்திருக்கிறேன். அதற்கு முன்னால் சென்னையில் நாலு வருஷம் சைக்கிளில்தான் வேலைக்குப் போனேன். அங்கே தோளை உரசிக்கொண்டு போகிற பஸ்ஸைப் பார்த்துப் பயப்பட வேண்டும். இங்கே பயப்பட வேண்டியது காற்றுக்கு. அதைச் சேர்க்காமல் விலையையும் மைலேஜையும் வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகத்தான் வரும்.

பாம்பனிலிருந்து மண்டபம் மேற்கே இருக்கிறது. ஆனி, ஆடியில் கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும்போது காலையில் காற்று முகத்தில் அறையும். சாயங்காலம் அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளி வீட்டில் கொண்டுவந்து விடும். மார்கழி வாடையில் இது தலைகீழ். போகும்போது சுகமாக இருக்கும், வேலை முடிந்து களைத்து வரும்போது எதிர்காற்று. என்னைக் கேட்டால் கச்சானே மேல். காலையில் உடம்பில் தெம்பாவது இருக்கும்.

சாலைப் பாலம் 1988-ல் திறந்தது, நீளம் இரண்டே கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. கீழே படகு போவதற்காக நடுவில் கூனிட்டு உயரும். எங்கள் பாதையில் ஏற்றம் என்று சொல்ல அது ஒன்றுதான், ஆனால் அந்த ஏற்றத்தில்தான் காற்றுக்கு மறைவே கிடையாது. பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைப்பார்கள். சைக்கிள் எம்மாத்திரம்? நாம் 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கிறோம், எதிரே காற்றும் 15 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்றால், மார்பில் மோதுவது 30. தடை இரண்டு மடங்காகாது, நாலு மடங்காகும். சாதாரண நாளில் எனக்கு முக்கால் மணி நேரம். ஆடியில் ஒன்றேகால் மணி நேரம் ஆனதும் உண்டு, பாலத்தின் நடுவில் இறங்கி உருட்டியதும் உண்டு.

எக்ஸ்எல்லுக்கு இந்தக் கவலை இல்லை. திருகினால் போகும். ஒரு நாளைக்கு 21 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்று வைத்தால் 546 கிலோமீட்டர். லிட்டருக்கு 55 கொடுத்தாலும் பத்து லிட்டர், அதாவது ஆயிரம் ரூபாய்க்கு மேல். லைசென்ஸ், இன்சூரன்ஸ், ஹெல்மெட் தனி. ஆனால் எக்ஸ்எல்லின் மகிமை வேகத்தில் இல்லை, அது சுமக்கிற சுமையில் இருக்கிறது. பின் சீட்டைக் கழற்றிவிட்டு மீன் பெட்டி வைக்கலாம், முன்னால் காலிடுக்கில் ஒரு மூட்டை, இரண்டு பக்கமும் குடம். கரையில் மீன் எடுத்து வியாபாரம் செய்கிறவரிடம் போய் சைக்கிளின் பெருமையைப் பேசினால் சிரித்துவிட்டுப் போவார். சாப்பாட்டுத் தூக்கை மட்டும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிற பையனுக்கு அந்தச் சுமை வண்டி தேவையா என்பதுதான் கேள்வி.

பஸ்ஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அக்கா மாதிரிப் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு இல்லை. அந்தக் கணக்கை எந்த வண்டியும் அடிக்க முடியாது. ஆனால் வருகிற பஸ் டவுன் பஸ்ஸாக இருக்க வேண்டும், வெளியூர் பஸ்ஸில் செல்லாது. தை அமாவாசை, ஆடி அமாவாசை என்றால் நிற்கவும் இடம் இருக்காது. அதோடு, வெளியூர்க் கார்கள் கடலைப் படம் எடுக்கப் பாலத்திலேயே ஓரங்கட்டி நிற்கும். பின்னால் பஸ் எறும்பு மாதிரி ஊரும். அந்த நேரத்தில் ஓரமாக மணியடித்துக்கொண்டு தாண்டிப் போகிற சுகம் இருக்கிறதே, அது சைக்கிள்காரனுக்கு மட்டும்தான்.

சரி, சைக்கிள் என்றால் எந்த சைக்கிள்? பையன் மனசு கியர் சைக்கிளில் இருந்தது. எதிர்காற்றில் கியர் உதவும், மறுக்கவில்லை. ஆனால் உப்புக்காற்று அதை விட்டுவைக்காது. ஒரு மழைக்காலம் போனால் கியர் ஒயர் உறைக்குள்ளேயே துருப்பிடித்து இறுகிவிடும். அப்புறம் எத்தனை கியர் இருந்தாலும் மாட்டிக்கொண்ட ஒரே கியரில்தான் ஓட்டம். அதற்கு, செயின் கவர் போட்ட பழைய மாடல் கறுப்பு சைக்கிளே போதும். அதில் சிக்கிக்கொள்ள ஒன்றும் இல்லை. வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விட்டால் சரி. ரிம் மட்டும் அலாயாக இருக்கட்டும்.

இன்னொரு காரணம் முள். எங்கள் மாவட்டத்தில் சாலை ஓரத்தில் எங்கே திரும்பினாலும் சீமைக்கருவேலம். வெட்டிப் போட்ட விறகிலிருந்து முள் ரோட்டுக்கு வரும். மெல்லிய டயர் என்றால் வாரத்துக்கு ஒரு பஞ்சர். அந்த முள்ளுக்கு ஒரு குணம் உண்டு: தைத்ததும் நுனி டயருக்குள்ளேயே முறிந்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. டியூபை மட்டும் ஒட்டி மாட்டினால் மறுநாள் அதே இடத்தில் மறுபடி ஓட்டை. டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிற இடத்தை டயரோடு வைத்துப் பார்த்து, டயரின் உட்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவ வேண்டும். சுருக்கென்று குத்தும். அதைக் குறட்டால் பிடுங்கிய பிறகுதான் பஞ்சர் வேலையே ஆரம்பம். இது தெரியாமல் ஒரே வாரத்தில் மூன்று தடவை ஒட்டிவிட்டுக் கடைக்காரரோடு சண்டை போட்டிருக்கிறேன். இப்போது அவரைப் பார்த்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

பேட்டரி சைக்கிள் காகிதத்தில் பார்த்தால் எல்லாவற்றையும் ஜெயிக்க வேண்டியது. மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் பதிவும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். எதிர்காற்றில் யாரோ பின்னாலிருந்து தள்ளுவது போல இருக்கும். ஆனால் தடை கூடும்போது பேட்டரியும் அதே வேகத்தில் காலியாகும். ஒரு நாள் பாலத்தின் உச்சி ஏறுவதற்குள் மோட்டார் நின்றுவிட்டது. அந்தக் கனத்தை மிதித்து வீடு சேர்ந்தபோது கால் இரண்டும் என்னுடையதாக இல்லை. பிரித்துப் பார்த்தால் ஒயர் முனையில் பச்சைக் களிம்பு. சரிபார்க்க மதுரைக்குக் கொண்டுவாருங்கள் என்றார்கள். காற்று வறண்ட ஊருக்கு நான் அதைத்தான் சொல்லுவேன், கடலோரத்துக்கு இன்னும் இல்லை.

அதனால் பையனிடம் சொன்னது இதுதான்: ப்ளஸ் ஒன்னில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள் திண்ணையில் சும்மாதானே நிற்கிறது, டயரும் செயினும் மாற்றி அதையே ஓட்டு. ஆடியில் காற்று மிஞ்சுகிற ஐந்தாறு வாரம் பஸ்ஸில் போ. கல்யாணம், குடும்பம் என்று சுமை வரும்போது எக்ஸ்எல் வாங்கிக்கொள்ளலாம். "அது லேடீஸ் சைக்கிள் மாதிரி இருக்கு மாமா" என்று இழுத்தான். அக்கா அடுப்படியிலிருந்து, "எனக்குக் குடுத்துடு, நான் ஓட்டுறேன்" என்றாள். மறுநாள் காலையில் அவன் கடையில் உட்கார்ந்து டயர் மாற்றிக்கொண்டிருந்தான்.