கம்மி பட்ஜெட்ல ஒயர் இயர்போன்: சூ 2, ஜீரோ 2, ஜீரோ ரெட், வான்எர், எது யாருக்கு?

பாட்டு கேக்க மட்டும் ஒரு ஒயர் இயர்போன் வேணும், ரொம்ப செலவு பண்ண முடியாது, எது எடுக்கட்டும்னு யார் கேட்டாலும் சுத்திச் சுத்தி இந்த நாலு பேருதான் வருது. மூன்ட்ராப் சூ 2, 7ஹெர்ட்ஸ் ஜீரோ 2, ட்ரூத்இயர் ஜீரோ ரெட், டாங்ஜூ வான்எர். நாலுமே என்கிட்ட இருக்கு, மாசக்கணக்கா மாத்தி மாத்தி போட்டு கேட்டுட்டு இருக்கேன், அதனால ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ண வச்சுப் பாத்ததை எழுதுறேன். என் முடிவ மொதல்லயே சொல்லிடுறேன்: இந்த நாலுக்கும் சவுண்டுல இருக்குற வித்தியாசத்த விட, எது உங்க காதுல ஒழுங்கா அடைச்சு உக்காருதுங்கறதுதான் பெரிய வித்தியாசம். ரிவ்யூ பாத்து கிராஃப் பாத்து மண்டைய குழப்பிக்குறதுக்கு முன்னாடி உங்க காது ஓட்டை சின்னதா பெருசான்னு யோசிங்க.

ஏன்னா இந்த மாதிரி இயர்போன் காதுக்குள்ள ஒரு சின்ன காத்து அறைய மூடி வச்சு வேலை செய்யுது. டிரைவர், அதாவது உள்ள இருக்குற குட்டி ஸ்பீக்கர், முன்னயும் பின்னயும் ஆடும்போது அந்த மூடுன காத்து அழுத்தம்தான் பேஸா, அதாவது தடியான கீழ் சத்தமா கேக்குது. எங்கயாவது ஒரு சின்ன இடுக்கு இருந்தாலும் கீழ் சத்தத்தோட அழுத்தம் அது வழியா வெளிய போயிடும், மேல் சத்தம் மட்டும் அப்படியே நிக்கும், அதனால நல்ல செட்டு கூட கீச்சுக்கீச்சுன்னு கேக்கும்.

என் தங்கச்சிக்கு இப்படித்தான் ஆச்சு. இந்த நாலுல ஒண்ண குடுத்தேன், ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு "அண்ணா, பேஸே இல்லயே, தகர டப்பாவ தட்டுற மாதிரி இருக்கு"ன்னா. வாங்கி பாத்தா நடு சைஸ் டிப்ஸ் (காதுக்குள்ள போற ரப்பர் முனை) போட்டிருக்கு, வலது காதுல சரியா உக்காந்திருக்கு, இடது காதுல அவ வாய தொறந்து மூடும்போதெல்லாம் கழண்டு கழண்டு வருது. இடதுக்கு மட்டும் பெரிய சைஸ் டிப்ஸ் மாத்திட்டு, காது மடல ஒரு கையால மேல பின்னாடி இழுத்துப் புடிச்சுக்கிட்டு உள்ள லேசா திருகி வைக்கச் சொன்னேன். வச்சதும் வெளி சத்தம் பொசுக்குன்னு அடங்குச்சு, அதே பாட்ட மறுபடி போட்டா அவளே நிமிர்ந்து என்னைய பாக்குறா. செட் அதேதான், போன் அதேதான், மாறுனது ஒரு ரப்பர் துண்டு. ரெண்டு காதுக்கும் வேற வேற சைஸ் போடுறதுல ஒரு தப்பும் இல்ல, நிறைய பேருக்கு ரெண்டு காதும் ஒரே அளவு கிடையாது.

சரி, அந்தக் கணக்குல நாலயும் வச்சுப் பாத்தா சூ 2தான் முன்னாடி நிக்குது. உடம்பு சின்னது, மெட்டல், காது குழிக்குள்ள அடக்கமா போயிடும், சின்ன காதுக்காரங்களுக்கு கண்ண மூடிட்டு இதச் சொல்லுவேன். ஜீரோ 2 பிளாஸ்டிக், எடையே தெரியாது, ரெண்டு மணி நேரம் போட்டாலும் போட்டிருக்கோம்ங்கற நினைப்பே வராது. வான்எரும் லேசுதான், நடுவாந்திரமா இருக்கும். ரெட்தான் கஷ்டம். அதுல ரெண்டு டிரைவர், உடம்பும் பெருசு, டிப்ஸ் மாட்டி காதுக்குள்ள போற குழாயான நாசிலும் மத்ததை விட நல்ல தடிமன். காது ஓட்டை பெருசா இருக்குறவங்களுக்கு பிரச்சினையே இல்ல, சின்னதா இருக்குறவங்களுக்கு அரை மணி நேரத்துல காது விண்ணு விண்ணுன்னு ஆயிடும். சவுண்டுல நாலுலயும் ரெட்தான் எனக்கு ரொம்பப் புடிக்கும், இருந்தாலும் யாருக்கும் கேக்காம கொள்ளாம அத சொல்ல மாட்டேன், காரணம் இது ஒண்ணுதான்.

இப்ப சவுண்டுக்கு வரேன். சூ 2 ஒத்த 10 மிமீ டைனமிக் டிரைவர் (காந்தமும் கம்பிச் சுருளும் வச்ச சாதா ரகம்), அலுமினியம் மெக்னீசியம் கலந்த டயாஃப்ரம் (டிரைவர்ல ஆடுற மெல்லிய தகடு). குரலும் வயலினும் புல்லாங்குழலும் முன்னாடி வந்து நிக்கும், பேஸ் அளவா இருக்கும், மேல கொஞ்சம் வெளிச்சம் தூக்கல். ஜீரோ 2வும் ஒத்த 10 மிமீ டைனமிக்தான், ஆனா க்ரினக்கிள்னு இணையத்துல பேர் போன ரிவ்யூவர் சேர்ந்து டியூன் பண்ணது, 7ஹெர்ட்ஸோட பழைய ஜீரோவ விட கீழ நல்லா ஏத்தி விட்டிருக்காங்க, குரலுக்கு சூடு ஜாஸ்தி, காத குத்தாது. நான் வித்தியாசம் பாக்க எப்பவும் தபலா தனி வாசிப்புதான் போடுவேன். இடது பக்க தபலாவ தட்டிட்டு உள்ளங்கைய அழுத்தி நகத்தும்போது கூ...ம்னு சுருதி வளைஞ்சு ஏறும்ல, சூ 2ல அந்த வளைவு எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு துல்லியமா கேக்குது, ஆனா தோலுக்குப் பின்னாடி இருக்குற அந்த காத்தோட கனம் பத்தல. ஜீரோ 2ல கனம் இருக்கு, தொண்டையில உணர்ற மாதிரி இருக்கு, ஆனா வலது பக்கத்துல விரல் நுனி படுற அந்த டிக் சத்தம் கொஞ்சம் மழுங்கி வருது. ரெண்டும் ஒண்ணா வேணும்னா ரெட் போடுங்க. 10 மிமீ டிரைவர் கீழ் சத்தத்துக்கு மட்டும், 7.8 மிமீ டிரைவர் மத்ததுக்குன்னு வேலைய பிரிச்சிருக்காங்க, அதனால பேஸ் வந்து குரல் மேல ஏறி உக்காராது.

ரெட்டோட பெட்டியிலயே 10 ஓம் அடாப்டர் (உள்ள ஒரு ரெசிஸ்டர், அதாவது மின்தடை, இருக்குற ஒயர் துண்டு) ஒண்ணு குடுப்பாங்க, அத நடுவுல மாட்டுனா பேஸ் ஏறும். ஒரு ரெசிஸ்டர மாட்டுனா சவுண்டுதானே குறையணும், பேஸ் எப்படி ஏறும்னு எனக்கும் மொதல்ல புரியல. விஷயம் என்னன்னா ரெண்டு டிரைவரும், சத்தத்த அதுங்களுக்குப் பிரிச்சுக் குடுக்குற கிராஸ்ஓவரும் இருக்குறதால ரெட்டோட இம்பீடன்ஸ் (கரண்டுக்கு அது குடுக்குற தடை) எல்லா அலைவரிசையிலயும் ஒண்ணா இருக்காது, கீழ ஜாஸ்தியாவும் மேல கம்மியாவும் இருக்கு, நடுவுல தடை வச்சா இம்பீடன்ஸ் கம்மியா இருக்குற மேல் சத்தம்தான் ஜாஸ்தி அடி வாங்கும், வால்யூம ஏத்தி சரி பண்ணா கீழ் சத்தம் தூக்கலா நிக்கும். இதே அடாப்டர சூ 2ல மாட்டுனா சவுண்டு கொஞ்சம் குறையுமே தவிர டோன் பெருசா மாறாது, ஏன்னா ஒத்த டைனமிக் டிரைவருக்கு இம்பீடன்ஸ் கிட்டத்தட்ட நேர்கோடுதான்.

வான்எர் இந்த மூணுக்கும் பக்கத்துல நிக்கிற வேற ரகம். 10 மிமீ டிரைவர், பெட்ங்கற பிளாஸ்டிக் டயாஃப்ரம், துல்லியம் மத்ததை விட கம்மி, ஆழமான பேஸும் கம்மி, ஆனா நடு பேஸ்ல ஒரு கதகதப்பு இருக்கு, பழைய ரெக்கார்டிங் பாட்டெல்லாம் இதுல கேக்க அவ்ளோ சுகமா இருக்கும். பழைய ரெக்கார்டிங்ல இருக்குற இரைச்சலையும் கூர்மையையும் சூ 2 அப்படியே எடுத்துக் காட்டும், வான்எர் மூடி மறைச்சு குரல மட்டும் நீட்டும். நீங்க கேக்குறது பெரும்பாலும் பழசுன்னா ரிவ்யூல யாரு என்ன மார்க் போட்டாலும் இதையே எடுங்க.

கேஇசட்ங்கற கம்பெனியோட செட்டு பத்தியும் கேப்பீங்க. இசட்எஸ்என் ப்ரோ எக்ஸ் மாதிரி ஒரு டைனமிக், கூட பேலன்ஸ்டு ஆர்மேச்சர்ங்கற வேற ரக குட்டி டிரைவர் ஒண்ணு போட்டது, மொத அஞ்சு நிமிஷம் பளிச்சுன்னு இருக்கும், பேஸும் ட்ரெபிளும் (மேல் சத்தம்) ரெண்டும் தூக்கல், குரல் பின்னாடி போயிடும், ஒரு மணி நேரத்துல எனக்கு காது சோர்ந்துடும். டிரைவர் எண்ணிக்கைய பாத்து வாங்காதீங்க. அதே மாதிரி பெட்டியில 40 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும்னு போட்டிருக்கறதையும் பாக்காதீங்க, மனுஷ காது 20க்கு மேல போகாது, வயசாக ஆக அதுவும் குறையும்.

பேஸ் பத்தலன்னு சூ 2வ ஒதுக்குறவங்க ஒரு தடவ ஈக்வலைசர் போட்டுப் பாருங்க. 105 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு லோ ஷெல்ஃப் (அதுக்குக் கீழ இருக்குறத மொத்தமா ஏத்துற செட்டிங்) வச்சு 3 இல்ல 4 டெசிபல் ஏத்துங்க, ஏத்துன அளவுக்கு ஈக்வலைசர்ல ப்ரீஆம்ப்ங்கற மொத்த அளவ எறக்கிடுங்க, இல்லன்னா சத்தமான எடத்துல உடைஞ்சு கேக்கும். இப்படி பண்ணா ஜீரோ 2 பக்கத்துலயே வந்துடுது. காது சின்னதா இருந்து பேஸும் வேணுங்கறவங்களுக்கு நான் சொல்ற வழி இதுதான்.

இதையெல்லாம் ஓட்ட தனியா ஆம்ப்ளிஃபயர் தேவையே இல்ல. பெட்டியில இருக்குற டெசிபல் நம்பர ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடும்போது மட்டும் கவனம், சிலர் மில்லிவாட்டுக்கு சொல்லுவாங்க சிலர் வோல்ட்டுக்கு சொல்லுவாங்க. 16 ஓம் செட்டுக்கு மில்லிவாட்டுக்கு 105ன்னா வோல்ட் கணக்குல அது 123, ரெண்டும் ஒரே சத்தம்தான், நம்பர்தான் வேற. போன்ல ஜாக் இல்லன்னா டைப் சி டாங்கிள் (ஜாக் குடுக்குற குட்டி அடாப்டர்) வேணும், அதுக்குள்ள டிஏசி சிப் (டிஜிட்டல் பாட்ட சத்தத்துக்கான சிக்னலா மாத்துறது) இருக்குற டாங்கிளா பாத்து வாங்குங்க, வெறும் ஒயர மாத்திக் குடுக்குற ரகம் நிறைய போன்ல வேலையே செய்யாது. ஆப்பிளோட டைப் சி டாங்கிள் ரொம்ப சுத்தமான சவுண்டு, ஆனா சில ஆண்ட்ராய்டு போன்ல அது முழு வால்யூம் குடுக்காது, வாங்குறதுக்கு முன்னாடி உங்க போன் மாடலுக்கு தேடிப் பாத்துக்கங்க.

கேபிள் விஷயத்துல நாலும் சமம்தான், எல்லாமே 0.78 மிமீ ரெண்டு பின், ஒண்ணோட கேபிள் இன்னொண்ணுக்கும் சேரும். பழைய சூவுல கேபிள் கழட்ட முடியாது, அதனால கம்மியா கிடைச்சாலும் அத விட்டுட்டு 2வே எடுங்க. கேபிள் மாத்தும்போது ஒரு பக்கம் மட்டும் பின் திரும்பி மாட்டிட்டா பாடுறவர் குரல் நடுவுல நிக்காம தலைக்குள்ள எல்லா பக்கமும் கரைஞ்சு போயிடும், எனக்கு ஒரு தடவ அப்படி ஆகி செட்டே போச்சுன்னு நினைச்சு பாதி நாள் மனசே சரியில்ல, அப்புறம் பின்ன திருப்பிப் போட்டதும் குரல் டக்குன்னு நடு நெத்தியில வந்து நின்னுச்சு. ஒரு காதுல மட்டும் சத்தம் கம்மியானா கேபிள சந்தேகப்படுறதுக்கு முன்னாடி நாசில் வாயில இருக்குற வலைய பாருங்க, அழுக்கோ ஈரமோ அடைச்சிருக்கும், சூ 2ல நாசிலையே திருகிக் கழட்டலாங்கறது இதுக்கு பெரிய உதவி.

காது நல்லா அடைஞ்சா வெளி சத்தம் குறையும், வால்யூமும் தானா எறங்கும். பெரியவங்களுக்கு 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்ற எல்லை, அத மனசுல வச்சுக்கங்க.

எதை வாங்குனாலும் திருப்பி எடுத்துக்குற எடத்துல வாங்குங்க, மொத நாளே மூணு சைஸ் டிப்ஸையும் போட்டு ஒவ்வொண்ணுலயும் ஒரு மணி நேரம் கேளுங்க. ரெட் வாங்கி காது வலிச்சா, போகப் போக பழகிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, நாசில் தேயாது காது ஓட்டையும் விரியாது, மறுநாளே திருப்பிக் குடுத்துட்டு சூ 2 எடுங்க.