இரண்டு துப்பாக்கிச் சூடுகள், இரண்டு தீர்ப்புகள்

2012 பிப்ரவரியில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துச் சான்ஃபோர்டில், குடியிருப்புக் காவல் தன்னார்வலர் ஜார்ஜ் சிம்மர்மேன் 17 வயது கறுப்பினப் பையன் டிரேவான் மார்ட்டினைச் சுட்டுக் கொன்றார். பையனிடம் ஆயுதம் இல்லை. மிட்டாய்ப் பொட்டலம் இருந்தது. 2020இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஓடிக்கொண்டிருந்த கறுப்பின இளைஞர் அமாட் ஆர்பெரியை மூன்று வெள்ளையர்கள் வண்டிகளில் துரத்தினர். ஒருவர் சுட்டுக் கொன்றார்.

இரண்டிலும் தற்காப்பு வாதம்தான். சிம்மர்மேன் 2013இல் விடுதலை. ஆர்பெரி வழக்கில் மூவரும் கொலைக் குற்றவாளிகள். இந்த வேறுபாட்டை நடுவர்களின் (தீர்ப்பு சொல்லும் பொதுமக்கள் குழுவினரின்) நிறமே தீர்மானித்தது என்பதை நான் ஏற்கவில்லை. ஆர்பெரி வழக்கின் 12 நடுவர்களில் 11 பேர் வெள்ளையர். அங்கே காணொளி இருந்தது, அதுவும் துரத்தியவர்களில் ஒருவரே எடுத்தது! சான்ஃபோர்டில் கைகலப்பு தொடங்கியதைத் தெளிவாகக் கண்ட சாட்சி எவருமில்லை.

குற்றம் செய்ததாகச் சந்தேகிப்பவரைச் சாதாரண மக்களே பிடித்துவைக்க அனுமதித்த பழைய ‘குடிமகன் கைது’ சட்டத்தை ஜார்ஜியா 2021இல் நீக்கியது. ஆபத்தில் இருப்பவர் விலகிச் செல்ல முயலாமலே தற்காப்புக்காகத் தாக்கலாம் என்னும் புளோரிடாவின் ‘பின்வாங்கத் தேவையில்லை’ சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.