சம்பள ஞாயிறில் பத்தாங் பெர்ஜுந்தாய்

மலேசியாவின் சிலாங்கூரில், லாட்டார் நெடுஞ்சாலையில் வந்து ஈஜோக்கில் இறங்கி, செம்பனை எனும் எண்ணெய்ப்பனைக்கு நடுவே போகும் பழைய சாலையைப் பிடித்தால் பத்தாங் பெர்ஜுந்தாய் வந்துவிடும். அரசாங்கம் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிப் பல வருடம் ஆகிறது. எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

பொங்கலுக்கு அண்ணன் வீட்டில் தங்கியிருந்தேன். நான் இப்போது இருக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் என்னைப் போலவே தோட்டத்தில் பிறந்து வந்தவர்கள் நிறையப் பேர். ஊருக்குப் புறப்படும்போதெல்லாம் ஒரே கேள்விகள்தான்: சிம் கார்டு எங்கே வாங்கலாம், ஏடிஎம் வேலை செய்யுமா, உடம்புக்கு ஏதாவது வந்தால் கிளினிக் இருக்கிறதா, கடை எத்தனை மணிக்கு அடைப்பார்கள்? அதற்குப் பதிலாகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எந்தச் சேவையைப் பற்றி எழுத எடுத்தாலும் அதன் பின்னால் அதே ஆட்கள் நிற்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து இந்த ஊரைச் சுற்றி உழைக்கிறவர்கள்.

முதலில் சிம் கார்டு. விமான நிலையத்தில் வாங்க வேண்டாம். கடைத்தெருவில் கைப்பேசிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நான் போன கடையில் நம் பெண் ஒருத்தி பாஸ்போர்ட்டைப் பதிந்து ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்தாள். என்னிடம் தமிழில் பேசிக்கொண்டே பக்கத்தில் நின்ற வங்காளதேசி இளைஞனுக்கு அவன் மொழியில் விலை சொன்னாள். எங்கே கற்றுக்கொண்டாய் என்றேன். "தினமும் கேக்குறதுதானே அங்கிள், தானா வந்துருச்சு" என்றாள். இவ்வளவு சின்ன ஊருக்கு இத்தனை கைப்பேசிக் கடை எதற்கு என்று யோசித்தால் விடை அந்த இளைஞன்தான். குடும்பத்தைப் பார்க்க அவனுக்கு இருக்கும் ஒரே வழி அந்தக் கைப்பேசி. திரை உடைந்தால் அன்றே சரிசெய்தாக வேண்டும். அவனுக்காக இரவு பத்து மணி வரை திறந்திருக்கும் கடை, எனக்கும் திறந்திருந்தது.

ஏடிஎம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் சம்பளம் கொடுத்துவிட வேண்டும். ஆகவே அதை ஒட்டி வரும் ஞாயிறுதான் ஊரில் சம்பள ஞாயிறு. அன்றைக்கு ஒரு வங்கியின் இயந்திரத்தில் மத்தியானத்துக்கு முன்பே பணம் தீர்ந்துவிட்டது. திங்கட்கிழமை வரை யாரும் வந்து நிரப்பவில்லை. ஊரிலேயே அதிகமாகக் காசு புழங்கும் நாள் எது என்று கடைக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிகிறது, அந்த வங்கிக்கு மட்டும் தெரியவில்லை. எனக்கு ஒரு நாள் சிரமம், அவ்வளவுதான். லோரி ஏறிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வந்து வெறுங்கையோடு திரும்பியவர்களை நினைத்தால் கோபம் வருகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் கணக்குப் புத்தகத்தில் எழுதி அரிசி பருப்பு வாங்கிய மளிகைக்கடை இன்னும் இருக்கிறது. இப்போது மகன் நடத்துகிறார். முன்பக்கத்தில் கண்ணாடித் தடுப்பு வைத்துப் பணம் அனுப்பும் முகப்பு ஒன்று போட்டிருக்கிறார். வெள்ளைப் பலகையில் ஒரு வெள்ளிக்கு, அதாவது ஒரு ரிங்கிட்டுக்கு, எத்தனை வங்காளதேச டாக்கா, எத்தனை இந்தோனேசிய ரூப்பியா, எத்தனை நேப்பாள ரூபாய் என்று எழுதியிருக்கிறது. வரிசையில் நிற்பவர்கள் பலகையைப் பார்ப்பதும் கைப்பேசியில் வேறு இடத்து விலையைப் பார்ப்பதுமாக இருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் ரிங்கிட் 1998-க்குப் பிறகு இல்லாத அளவுக்குச் சரிந்து, ஒரு அமெரிக்க டாலருக்கு 4.80 வெள்ளி என்று போனபோது, இதே வரிசையில் பாதிப் பேர் பணத்தை அனுப்பாமல் திரும்பிப் போனார்களாம்.

எனக்கு முன்னால் நின்றவர் செம்பனைக் குலை வெட்டுகிறவர். உள்ளங்கை முழுவதும் காய்ப்பு. வங்காளதேசத்தின் கைப்பேசிப் பணச் சேவையான பிகாஷில் உள்ள கணக்குக்குப் பணம் போய்ச் சேர்ந்ததும் ஊரிலிருந்து மனைவி கூப்பிட்டுவிட்டார். வந்துவிட்டதா என்று இவர் கேட்கும் முன்பே அந்தப் பக்கம் குழந்தையின் குரல். பிறகு கடைக்கு வெளியே தேநீர் குடித்தபடி மலாயும் தமிழும் கலந்து தன் கணக்கைச் சொன்னார். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. அந்த அக்டோபர் முதல் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் இபிஎஃப் எனும் சேமநிதி கட்டாயம் ஆனதால் அவர் பங்கு 2 விழுக்காடு, அதாவது 34 வெள்ளி, பிடித்துக்கொள்கிறார்கள். 1,300 வீட்டுக்கு. மிச்சம் இங்கே.

அந்த மிச்சத்தில்தான் கடைத்தெரு ஓடுகிறது. முன்பு நல்லெண்ணெய் அடுக்கியிருந்த இடத்தில் கடுகெண்ணெய். மைசூர்ப் பருப்பு மூட்டை மூட்டையாக. உறைபெட்டியில் இலிஷ் மீன். கடைக்காரர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நம்ம ஆளுங்க காரெடுத்துக்கிட்டு ரவாங் போயி மாசத்துச் சாமான் மொத்தமா வாங்கிட்டு வந்துர்றாங்க. என்கிட்ட வாங்குறது அவசரத்துக்கு ஒரு பாக்கெட் உப்பு. இவங்களுக்குக் காரும் கிடையாது, லைசென்ஸும் கிடையாது. சாப்பாடு, சோப்பு, டாப்-அப் எல்லாம் இங்கதான். இவங்க இல்லன்னா நான் எப்பவோ அடைச்சிருப்பேன் அண்ணே." சம்பளத்தில் பெரும்பங்கு நாட்டைவிட்டுப் போகிறது என்று குறை சொல்கிறவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கொஞ்சமாகச் செலவழித்தாலும் அதை ஊருக்குள்ளேயே செலவழிக்கிறவர் அந்தத் தொழிலாளி. அதிகம் சம்பாதிக்கும் என் அண்ணன் செலவழிப்பது ரவாங்கில்.

இதற்குச் சோதனை மாதிரி 2020 வந்தது. எல்லை மூடி, புதிய ஆள் எடுப்பதையும் நிறுத்தினார்கள். பெர்மிட் முடிந்து போனவர்களுக்குப் பதில் ஆள் வரவில்லை. வெட்ட ஆளில்லாமல் குலை மரத்திலேயே பழுத்துக் கொட்டியது. ஊரில் கடைகள் பொழுது சாயும் முன்பே அடைத்தன. இடத்தை நிரப்ப உள்ளூர்ப் பிள்ளைகள் வரவில்லை. இன்றைய சம்பளத்துக்கு அந்த வேலையைச் செய்யச் சொல்லி எந்தத் தாயும் பிள்ளையை அனுப்பமாட்டாள். சம்பளம் ஏறாமல் இருப்பதற்கு வெளியாட்கள் எளிதில் கிடைப்பதும் ஒரு காரணம், அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இருமல் வந்து கிளினிக் போனேன். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளி, வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. ஆஸ்திரேலியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நான் பிறந்த ஊரிலேயே வெளிநாட்டவன், அதனால் தனியார் கிளினிக். நல்ல கவனிப்பு, மருந்தும் சேர்த்து 60 வெள்ளிதான் ஆனது. அங்கே காத்திருந்தவர்களில் பெரும்பாலோர் முதலாளியின் கடிதத்தோடு வந்த தொழிலாளிகள். டாக்டர் ராத்திரியிலும் திறந்து வைத்திருப்பது அவர்களால் கட்டுப்படியாகிறது.

வாடகை விஷயம் இவ்வளவு இனிப்பானதல்ல. தோட்டத்து ஆட்களுக்குத் தோட்டமே இடம் தருகிறது. தங்குமிடத் தரம் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2020 ஜூனிலிருந்து மற்றத் துறைகளுக்கும் விரித்தார்கள். அதனால் தொழிற்சாலைகளும் குத்தகையாளர்களும் (காண்ட்ராக்டர்கள்) தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளைத் தேடி வருகிறார்கள். அண்ணியின் பழைய வீடு, மூன்று அறை, இப்போது ஒரு குத்தகையாளர் கையில். குடும்பத்துக்கு விட்டால் கிடைப்பதைவிட 300 வெள்ளி கூடுதல், அதுவும் தேதி தவறாமல். ஆனால் அதே வரிசையில் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வீடு தேடி அலைந்து கடைசியில் ஈஜோக் போய்விட்டது. அண்ணியைக் கேட்டேன். "தெரியுது தம்பி. ஆனா பேங்க் லோன் நான்தானே கட்டணும்" என்றார். சரியான பதில்தான். அந்த ஜோடிக்கும் சேர்த்து ஒரு பதில் இல்லையே என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது.

இன்னொன்று லைசென்ஸ். வெளிநாட்டுத் தொழிலாளி தன் பெயரில் கடை போட முடியாது. ஆகவே உள்ளூர்க்காரர் ஒருவர் லைசென்ஸ் எடுத்து மாத வாடகைக்குக் கொடுக்கிறார். பெரிய ஊர், சின்ன ஊர் எல்லாவற்றிலும் நடக்கிறது. அதிகாரிகள் வந்தால் பொருள் போவது கடை நடத்தியவருக்கு. வாடகை வாங்கியவர் வேலையும் செய்யவில்லை, தொழிலும் கற்கவில்லை.

கடைத்தெருவை இரண்டு முறை மேலும் கீழும் நடந்தபோது எனக்கு உறைத்தது என்ன கடை இல்லை என்பதுதான். துணிக்கடை மூடிவிட்டது. நகைக்கடை போய்விட்டது. பள்ளிப் பை, காலணி, விளையாட்டுச் சாமான் விற்கும் கடை ஒன்றும் இல்லை. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது தீபாவளிக்கு முந்திய வாரம் இந்தத் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. அந்தக் காசும் தோட்டக் காசுதான், அதைச் செலவழித்தவர்களும் வெளியிலிருந்து வந்தவர்கள்தான். பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் ஹென்றி ஃபோகோனியே நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்ட காலத்தில், சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் பால் மரம் சீவியவர்கள் நம்மவர்கள். என் தாத்தாவும் தபால் அலுவலகத்தில் வரிசை நின்று நாகப்பட்டினத்துக்கு மணியார்டர் அனுப்பியவர்தான். ஆனால் மனைவி, பிள்ளைகள் கூட இருந்தார்கள். அதனால் கோயில் வந்தது, தமிழ்ப்பள்ளி வந்தது, தையல்காரர் வந்தார், தட்டார் வந்தார்.

இன்றைய தொழிலாளி பெர்மிட்டில் குடும்பத்தை அழைத்துவர முடியாது. இங்கே கல்யாணம் செய்துகொள்ளவும் முடியாது. இளமையில் பத்து வருடம் தனி ஆளாக இருந்துவிட்டுப் போக வேண்டும். தனி ஆளின் காசு கைப்பேசிக் கடைக்கும் பணம் அனுப்பும் முகப்புக்கும் சாப்பாட்டுக்கும் போகும். துணிக்கடையைத் திறக்காது, பள்ளியில் ஒரு பெஞ்சைக்கூட நிரப்பாது. இதே நாட்டில் மலேசியா எனது இரண்டாவது இல்லம் திட்டத்தில் 150,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை கட்டுகிறவருக்கு, 'சில்வர்' நிலையிலேயே, குடும்பத்தோடு வாழ அனுமதி உண்டு. பெர்த்தில் நானும் அந்நியனாகப் போய் இறங்கியவன்தான். குடும்பத்தோடு இருக்க விட்டார்கள், அதனால் வீடு வாங்கினேன், பிள்ளைகளைப் படிக்க வைத்தேன், சம்பாதித்ததில் பெரும்பங்கை அங்கேயே செலவழித்தேன். அந்நியர்களால் ஒரு ஊருக்கு என்ன கிடைக்கும் என்பதை அவர்களை எப்படி வாழ விடுகிறோம் என்பதுதான் முடிவு செய்கிறது.

அரசாங்கத்தின் ஐந்தாண்டுத் திட்டமான பதின்மூன்றாவது மலேசியத் திட்டம், மொத்தத் தொழிலாளர்களில் வெளிநாட்டவர் பங்கை 2030-க்குள் 10 விழுக்காட்டுக்கும் 2035-க்குள் 5 விழுக்காட்டுக்கும் குறைக்கப் போகிறது. இயந்திரமும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு மதிப்பான சம்பளமும் வந்தால் வரவேற்பேன். பத்தாங் பெர்ஜுந்தாய்க் கடைகளுக்கு அதுவரை யார் வாடிக்கையாளர் என்பதை எந்தக் கூட்டத்திலும் யாரும் பேசக் கேட்கவில்லை. 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த நம்மவர்கள் பெர்மிட் கிடைக்காமல் ஆயிரக்கணக்கில் கப்பலேறியபோதும் யாரும் பேசவில்லை என்று அப்பா சொல்வார்.

தைப்பூசத்துக்குப் போகிறவர்களுக்கு: பணத்தைக் கோலாலம்பூரிலேயே ரிங்கிட்டாக மாற்றி, கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கிராப் வாடகைக் கார் கிடைக்கும், ஆனால் காத்திருக்க வேண்டும். சம்பள ஞாயிறில் கடைக்குப் போக நேர்ந்தால் வரிசையில் நில்லுங்கள். நான் இந்த ஊர்க்காரன் என்று சொல்லி முன்னால் போகப் பார்த்த இருவரைக் கடைக்காரர் என் கண் முன்னால் பின்னுக்கு அனுப்பினார். எனக்கு அது பிடித்திருந்தது.